மாமனார் கார், இருபத்துநான்கில் ஒரு பங்கு

இந்த வீட்டில் இனிமேல் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன். அங்குலம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒரு அங்குலத்தை இருபத்துநான்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவன் நான். விட்டுக்கொடுக்க என்னிடம் அங்குலம் மிச்சமில்லை.

என் பெயர் ஜெயரூபன். பதுளை பஜாரில் வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் கடையொன்றில் கவுன்டரில் நிற்கிறேன். பகல் முழுக்கப் பெரிய வாகனங்களுக்குப் பாகம் விற்பேன். மாலையில் வீட்டுக்கு வந்து சின்ன வாகனங்களுக்குப் பாகம் பூட்டுவேன். சின்ன வாகனம் என்றால் முச்சக்கர வண்டி இல்லை. உள்ளங்கையில் தூக்கி வைத்துப் பார்க்கிற கார். அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பொம்மைக்குச் சக்கரம் சுற்றினால் போதும். என் காருக்குச் சக்கரத்தில் எத்தனை நட்டு என்பதுகூடச் சரியாக இருக்க வேண்டும். அசல் காரின் அளவை எல்லாம் எடுத்து, இருபத்துநான்கால் வகுத்துச் செய்கிற காரியம் இது.

இதிலும் இரண்டு வகை ஆட்கள் உண்டு. பெட்டிக்குள் கம்பெனிக்காரன் போட்டுத் தந்ததை அப்படியே ஒட்டிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்கள் ஒரு வகை. பெட்டியில் வந்த கிரில் தடிப்பு, டயர் மொட்டை, கண்ணாடி மங்கல் என்று எல்லாவற்றையும் தூக்கி வீசிவிட்டு, இதற்கென்றே வெளிநாட்டில் வீட்டோடு இருந்து செதுக்குகிற ஆட்களிடம் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வரவழைத்துப் பூட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை.

"அப்போ பெட்டிய எதுக்கு வாங்கினீங்க?" என்று என் மனைவி ஜீவராணி ஒருமுறை கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வந்ததும் சொல்கிறேன்.

இப்போது பிரச்சினை பெட்டி இல்லை. அறை. எங்கள் மகள் நிஷாந்தினி பல்கலைக்கழகம் போய்விட்டாள். அவள் அறை காலி. பஸ் ஏறிய பிள்ளைக்குக் கையசைத்துவிட்டு, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கண் காய்வதற்குள் பேச்சு ஆரம்பித்தது.

"நிஷாந்தினி ரூம் சும்மாதானே கெடக்கு," என்றாள்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்."

"அங்க தையல் கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன்."

"அதை நான் சொல்ல வரல."

"தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்க ஸ்கூல் முடிஞ்சதும் கொழும்புக்கு கார்மென்ட்ஸுக்கு ஓடுதுங்க. இங்கயே ஒழுங்கா ஜாக்கெட் வெட்டப் பழகினா ஏன் ஓடணும்? எத்தன புள்ளைங்க வந்து கேட்டுட்டுப் போகுது தெரியுமா? விஜயதசமி நல்ல நாள். அன்னைக்கு ஆரம்பிச்சா நல்லது."

"என் கார்களுக்குத் தூசி இல்லாத ஒரு அறை வேணும் ஜீவா."

"சாப்பாட்டு மேசைதான் இருக்கே."

"போன வாரம் அதுல வச்ச வைப்பர் ஒண்ணு காணாம போச்சு!"

"அது வைப்பரா? கண் இமை முடின்னு நெனச்சு ஊதிட்டேன்."

இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வந்த வைப்பர், ஒரே ஊதில் பதுளையில் காணாமல் போனது. நான் எழுந்து நின்றேன். இந்த வீட்டில் நான் எழுந்து நிற்பது அபூர்வம். அவளும் தன் ஆயுதத்தை எடுத்தாள்.

"எங்கப்பா காரு வச்சிருந்தவரு. நெஜக் காரு. அவரு அதுக்கு ஒரு ரூம் கேக்கல."

அந்த ஆயுதத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மாமனார் நல்லையா, காலஞ்சென்றவர், இளவட்டமாக இருந்தபோது பதுளை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மொறிஸ் மைனர் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடியவர். எங்கள் ஹாலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் முன் மூக்கில் கை ஊன்றி நிற்பார். காரில் பாதிதான் படத்தில் விழுந்திருக்கிறது. மீதிப் பாதியை எடுப்பதற்குள் படம் பிடித்தவருக்கு என்ன அவசரமோ தெரியாது. நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பஸ்ஸில் போகிறவன். அந்தப் பாதிக் காரால் நான் எத்தனை தடவை அடிபட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சுவரில் தொங்கிக்கொண்டே ஆளை மோதுகிற கார் உலகத்தில் அது ஒன்றுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு வீரம் வந்தது. மாமனார் காரை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி மேசையில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அது எப்படி என்னை மோதும்?

"உங்கப்பா காரையே செய்றேன்!" என்றேன். "அச்சு அசலா செய்றேன். அதுல ஒரு பிழை, ஒரே ஒரு பிழை இருந்தாலும் ரூம் உனக்கு. பிழை இல்லேன்னா ரூம் எனக்கு. இதுக்கு அப்புறம் பேச்சில்ல."

இரவல் வாங்கிய இடியப்பத் தட்டைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு றின்ஸா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பது றின்ஸாவுக்குப் பிடித்த வேலை.

"வாங்க றின்ஸா! நீங்கதான் சாட்சி," என்றேன். "நீதிபதியும் நீங்கதான்."

"அல்லாவே, எனக்கு அடுப்புல கறி ஈக்குது," என்று சொல்லிக்கொண்டே அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சரி சொல்லுங்க. பிழைய யாரு புடிக்கிறது?"

"யார் வேணும்னாலும் புடிக்கட்டும். பதுளை டவுனே திரண்டு வந்து புடிக்கட்டும்!"

"எது வரைக்கும்?"

"விஜயதசமி காலை வரைக்கும்," என்றாள் ஜீவராணி. "அன்னைக்கு ரூம் யாருக்குன்னு முடிவாகிடணும்."

அறையைப் பூட்டிச் சாவியை றின்ஸாவிடம் கொடுத்தோம். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கருகின கறிக்கு ஓடினாள்.

இனி என் தந்திரத்தைச் சொல்கிறேன். படத்தில் இருப்பது பாதிக் கார். மீதிப் பாதியைத் தெரிந்தவள் ஜீவராணி. குறை சொல்வதில் அவளை மிஞ்ச ஊவா மாகாணத்தில் ஆளில்லை. அந்தத் திறமையை நான் எனக்குச் சாதகமாகப் பயன்படுத்தப் போகிறேன். கார் செய்துகொண்டிருக்கும்போதே எல்லாக் குறையையும் அவள் வாயால் சொல்ல வைத்துத் திருத்திவிட்டால், முடித்த பிறகு சொல்ல அவளுக்கு என்ன மிஞ்சும்? எதிரியின் துப்பாக்கியில் இருக்கிற குண்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே வெடிக்க வைக்கிற ஏற்பாடு இது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தேன்.

மொறிஸ் மைனர் பெட்டி வந்தது. பின்னாலேயே பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தகடு போல மெல்லிய பித்தளையில் வெட்டிய கிரில். ரேகை தெரிகிற றப்பர் டயர். கண்ணாடி மாதிரி மின்னும் நான்கு சக்கர மூடிகள். தபால்காரர் ஒவ்வொரு பொதியையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல போல சார்," என்று கவலையோடு தருவார். பாகம் அவ்வளவு சின்னது. அந்தக் கவலையே எனக்குப் பெருமையாக இருந்தது.

சக்கரங்களைப் பூட்டியதும் தையல் இயந்திரத்தில் இருந்தவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"குறை இருந்தா இப்பவே சொல்லு. பிறகு சொன்னா செல்லாது."

ஜீவராணி மிதிப்பதை நிறுத்தினாள். காரைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"வீல் கப் நாலும் இருக்கே."

"நாலு சக்கரத்துக்கு நாலுதானே இருக்கும்?"

"அப்பா காருல ஒண்ணுதான் மிச்சம். மத்ததெல்லாம் எல்லவுக்குப் போற மலை ரோட்டு வளைவுல உருண்டு பள்ளத்துக்குப் போயிருச்சு."

இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று மூடிகளைக் கழற்றினேன். வந்த பொதியிலேயே திரும்பப் போட்டேன். ஆனால் மனதுக்குள் கும்மாளம். ஒரு குண்டு வெடித்துவிட்டது!

அடுத்தது இருக்கை.

"பின் சீட்டு சிவப்பா? அது பச்ச றெக்சின். நடுவுல கிழிஞ்சிருக்கும். அதச் சிவப்பு நூலால தச்சிருக்கும்."

"சிவப்பு நூலா? பச்சைக்கா?"

"அன்னைக்குச் சிவப்புதான் கையில இருந்திருக்கும். தையல் தெரிஞ்சவங்களுக்கு அது வெளங்கும்."

தூரிகையில் ஒரேயொரு முடியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு, அந்த முடியால் சிவப்புத் தையல் போட்டேன். தையல் தெரியாதவன் போட்ட தையல் என்று அதற்கும் ஒரு குறை வந்தது. திரும்பப் போட்டேன்.

பிறகு கூரை.

"மேல மொட்டையா இருக்கே. கேரியர் எங்க?"

"படத்துல கேரியர் தெரியலயே ஜீவா."

"படம் எடுக்கிற அன்னைக்குக் கழட்டி வச்சிருப்பாரு. வெலிமடையிலருந்து லீக்ஸ் மூட்ட, கேரட் மூட்ட எல்லாம் அதுல ஏத்தித்தான் வருவாரு. கேரியர் இல்லாம மூட்டைய அவரு தலையிலயா வச்சிக்கிட்டு ஓட்டினாரு?"

நியாயம்தானே. ஆனால் மொறிஸ் மைனர் கூரைக்கு மரக்கறி மூட்டை ஏற்றுகிற கேரியரை உலகத்தில் யாரும் இருபத்துநான்கில் ஒரு பங்காகச் செய்து விற்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். வெளிநாட்டு ஆட்களுக்கு வெலிமடையைத் தெரியாது. நானே அவளுடைய குண்டூசிகளை வளைத்து, பற்றவைத்து, கேரியர் செய்தேன். விரல் நுனி நான்கும் வெந்துபோயின. அடுத்த நாள் கடையில் பொல்ட் எண்ணிக் கொடுக்க முடியாமல் முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

"சக்கரத்துக்கு மேல மட்காட்டு இவ்வளவு வழுவழுன்னு இருக்காது" என்று ஒரு நாள். "முன்னால முருகன் எங்க?" என்று இன்னொரு நாள்.

"எந்த முருகன்?"

"ஸ்டேரிங்குக்கு முன்னால ஒரு கதிர்காமத்து முருகன் ஒட்டியிருக்கும். மயிலோட. சாமி இல்லாம அந்தக் காலத்துல யாரு மலையில வண்டி ஓட்டினது?"

முருகன், மயில், வேல். மூன்றும் சேர்ந்து ஒரு நெல்மணி அளவுக்குள் அடங்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதுளையில் அந்த மாதம் முழுக்க மழை. பெயின்ட் காயவில்லை. மயிலை ரொட்டிக் கல் பக்கத்தில் வைத்துக் காய வைத்தேன். அன்றைய ரொட்டியில் நீல நிறம் இருந்ததாக ஜீவராணி சொன்னாள். சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அதுவும் காருக்காகச் செய்த தியாகம்தான்.

"மயில் தலை எந்தப் பக்கம் பார்க்கும்?" என்று கேட்டேன்.

கண்ணை மூடினாள். "வலது பக்கம்."

நான் செய்திருந்தது இடது பக்கம். திரும்ப நெல்மணி. திரும்ப வேல்.

கடைசியாக வந்ததுதான் என்னைக் கொன்றது. காரின் உடம்பை ஒரு மாதமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆறு தடவை பெயின்ட் பூசி, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன். அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"பின்னால நெளிவு இல்லயே. தெமோதரைக்கிட்ட எரும முட்டினது."

"எருமையா? எந்தப் பக்கம் முட்டுச்சு?"

"எரும வந்த பக்கம்."

"எருமை எந்தப் பக்கம் வந்துச்சு?"

"இடது பக்கம். கொம்பு பட்ட இடத்துல நல்லா உள்ள போயிருக்கும்."

ஒரு கரண்டிக் காம்பைச் சூடாக்கினேன். என் கையாலேயே, நான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மட்காட்டில் வைத்து அமுக்கினேன். கண்ணீர் வந்தது. புகையால் வந்தது என்று றின்ஸாவிடம் சொன்னேன். றின்ஸா அன்றைக்கும் ஏதோ தட்டைத் திருப்பித் தர வந்திருந்தாள்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்று ஜீவராணியைக் கேட்டேன்.

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

நவராத்திரி தொடங்கி இரண்டாம் நாள், சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மொறிஸ் மைனரை நடுவில் வைத்தேன். றின்ஸாவைக் கூப்பிட்டேன். "முடிந்தது!" என்று சத்தம் போட்டு அறிவித்தேன். றின்ஸா குனிந்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, "அண்ணே, உள்ள சாமி இருக்குது!" என்று கத்தினாள். அவளுக்குக்கூட மயிலைத் தெரிந்தது.

"சொல்லு ஜீவா. பிழை இருக்கா?"

ஜீவராணி காரை இரண்டு கையாலும் தூக்கினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்க. அப்பா காரேதான்."

அப்போது எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லமாட்டேன். மூலையில் அவளுடைய அளவு நாடாக்களும் வெட்டின காகிதங்களும் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கிளாஸுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பாளோ. ஒரு நிமிடம் மனம் இளகியது. ஆனால் இத்தனை காலமாகச் சுவரிலிருந்து வாங்கிய அடியை எல்லாம் நினைத்துக்கொண்டேன். மனம் திரும்ப இறுகிவிட்டது.

"றின்ஸா, சாவி!" என்று கையை நீட்டினேன்.

"விஜயதசமி காலை வரைக்கும்னுதானே பேச்சு? இன்னும் நாள் ஈக்குதே அண்ணே."

"கொடுத்துரு றின்ஸா," என்றாள் ஜீவராணி.

"இல்ல இல்ல," என்றேன் நான் பெருந்தன்மையாக. "பேச்சுன்னா பேச்சுதான். அன்னைக்கே வாங்கிக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை காலை, தேத்தண்ணியைக் கையில் தந்தபடி ஜீவராணி சொன்னாள்.

"அம்மாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு வாங்களேன். பாத்தா சந்தோஷப்படுவாங்க."

என் மாமியார் இராக்கம்மா, பூனாகலைத் தோட்டத்தில் மச்சானோடு இருக்கிறார். எனக்கும் அதே ஆசைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்தவனுக்கு ஊர்வலம் வேண்டாமா? காரைப் பஞ்சில் பொதிந்து, கேக் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பண்டாரவளை பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து பூனாகலை பஸ். வளைவுக்கு வளைவு பெட்டியைக் கட்டிப்பிடித்தேன்.

"யாருக்கு சார் பெர்த்டே?" என்று கண்டக்டர் கேட்டார்.

"கேக் இல்ல. கார்."

கண்டக்டர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

"வாங்க மாப்ள, வாங்க," என்றார் மாமியார். "நீங்க வர்றீங்கன்னு ஜீவா போன்ல சொல்லிச்சு. என்னமோ கேப்பீங்களாம். மறைக்காம சொல்லும்மான்னுச்சு. என்னா கேக்கணும் மாப்ள?"

"ஒண்ணும் கேட்க வரல அத்தை. காட்ட வந்தேன்." பெட்டியைத் திறந்தேன். "பாருங்க. மாமா கார்!"

இராக்கம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. ஆனா எனக்கென்னா மாப்ள தெரியும்? நான் அந்தக் கார கண்ணால கண்டதே இல்லயே."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"அந்தக் கார வித்துத்தானே எனக்குத் தாலி வாங்கினாரு. என்னப் பொண்ணு பாக்க பஸ்ஸுலதான் வந்தாரு, ஒங்கள மாதிரி."

பெட்டி என் கையிலிருந்து கொஞ்சம் நழுவியது. பிடித்துக்கொண்டேன்.

"அப்போ ஜீவா அந்தக் காரைப் பார்த்தது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வித்த கார, அது எப்புடி மாப்ள பாத்திருக்கும்?"

"மேல கேரியர்... லீக்ஸ் மூட்டை..."

"லீக்ஸ் மூட்டையா! அந்த மனுசன் கார் மேல ஒரு காக்கா குந்த விடமாட்டாராம். சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பெருமப்படுவாரு. ஒரு கீறல் இல்லாம கைமாத்தினேன்பாரு."

"எருமை முட்டின நெளிவு?"

"எரும முட்டியிருந்தா யாரு மாப்ள தாலிக் காசு குடுத்து வாங்குவா?"

"முன்னால முருகன்? மயில்?"

"கல்யாணம் கட்டுற வரைக்கும் அவரு கோயில் பக்கமே போனதில்ல. இருங்க மாப்ள, கோழி அடிச்சு வச்சிருக்கேன், சாப்புட்டுப் போங்க."

சாப்பிட்டேன். கோபத்தில் இருந்தாலும் கோழியை விட முடியுமா? ஆனால் மென்ற ஒவ்வொரு துண்டும் ஜீவராணிதான். பச்சை சீட்டு! சிவப்பு நூல்! நெல்மணி முருகன்! வெந்த விரல்கள்! என்னுடைய வழுவழு மட்காட்! அத்தனையும் அவள் தையல் இயந்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தைத்த பொய். கல்யாணத்திலிருந்து இந்த நாள் வரைக்கும் அவளை ஒரு விவாதத்திலாவது நான் கையும் களவுமாகப் பிடித்ததுண்டா? இல்லை. இன்றைக்குப் பிடித்துவிட்டேன். இதை விடுவேனா? திரும்பும் வழி முழுக்க பஸ்ஸில் நின்றபடி வசனம் ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆள் இடம் மாறி நின்றுகொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜீவராணி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் றின்ஸா. இந்தத் தடவை தட்டுகூடக் கொண்டுவரவில்லை, சும்மாவே வந்து உட்கார்ந்திருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நீதிபதி இல்லாமல் குற்றப்பத்திரிகை வாசிக்க முடியாதல்லவா?

காரை மேசையில் வைத்தேன். இடுப்பில் கை வைத்தேன்.

"அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க! அந்தக் கார் நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே கைமாறிப்போச்சு. நீ அதைப் பார்த்ததே இல்ல!"

"ஆமா," என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று ஒத்திகையில் நான் எதிர்பார்க்கவில்லை. வேகத்தைக் குறைக்க முடியாமல் மேலே போனேன்.

"கேரியர் பொய்! மாமா காக்காயைக்கூட உட்கார விடமாட்டாராம்! முருகன் பொய்! பச்சை சீட்டு பொய்! எருமை பொய்! கேட்டீங்களா றின்ஸா? அத்தனையும் பொய்!"

"நெசமாவா அண்ணே?" என்றாள் றின்ஸா. "மாமாட கார்ல கேரியர் இல்லவே இல்லயா?"

"இல்லவே இல்ல!"

"நெளிவு?"

"ஒரு கீறல்கூடக் கிடையாது! நான் பூனாகலை வரைக்கும் போய் விசாரிச்சுட்டு வந்திருக்கேன்."

"இந்தக் கார்ல ஈக்குதே."

"அதான் சொல்றேன்! இது எல்லாமே தப்பு! மேலருந்து கீழ வரைக்கும் தப்பு!"

சொல்லி முடித்துவிட்டுத்தான் இரண்டு பேரையும் பார்த்தேன். ஜீவராணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். றின்ஸா மெதுவாகக் கைப்பையைத் திறந்தாள்.

"பொறுங்க, பொறுங்க," என்றேன். "இவ பொய் சொன்னதாலதானே பிழை வந்துச்சு? பிழை இவளுடையது!"

"அச்சு அசலா செய்றேன்னு சொன்னது யாருங்க?" என்றாள் ஜீவராணி. "நான் சொன்னேன்னா, விசாரிச்சுட்டுத்தானே செய்யணும்? ரெண்டு பஸ் ஏறினா பூனாகலை. அதுவும் நான் இப்பவரைக்கும் ஒரு பிழையும் சொல்லல. அப்பா காரேதான்னு றின்ஸாவுக்கு முன்னால சொல்லிட்டேன். அதுல மாத்தமில்ல. பிழை புடிச்சது நீங்க."

"பதுளை டவுனே வந்து புடிக்கட்டும்னு சொன்னீங்க அண்ணே," என்றாள் றின்ஸா ஆறுதலாக. "நீங்களும் பதுளை டவுன்தானே."

சாவி மேசையைத் தாண்டிப் போனது. என் கண் முன்னால், என் மொறிஸ் மைனரைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் தோற்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிழையை நானே கண்டுபிடித்தேன் என்பதால், என் கண்ணுக்கு நிகரான கண் ஊவாவில் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. இன்னொரு பெட்டி வரவழைத்து, நெளிவில்லாமல், கேரியரில்லாமல், முருகனில்லாமல் அந்தக் காரைத் திரும்பச் செய்யத்தான் போகிறேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

விஜயதசமி அன்று காலையில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். தோட்டத்து பஸ்ஸில் வந்தவர்கள், புதுக் கத்தரிக்கோலை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு, வெட்கத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அறையில் சாம்பிராணி வாசம். இரண்டு தையல் இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் மொறிஸ் மைனரையும் வைத்து, அதன் நெற்றியிலும் ஜீவராணி ஒரு பொட்டு வைத்துவிட்டாள். இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு அந்தப் பொட்டு ஒரு தேங்காய் மூடி அளவு இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் குனிந்து, கேரியரைத் தொட்டுப் பார்த்து, "டீச்சரோட அப்பா காரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஜீவராணியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் போன பிறகு, சாப்பாட்டு மேசையிலிருந்து அறை வாசலுக்குப் போய் நின்றேன். ஒரு கேள்வி மட்டும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கிறேன் ஜீவா. அத்தை சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, நான் வந்து வாயைத் தொறக்காம இருந்திருந்தா, ரூம் எனக்குத்தானே?"

"ஆமாங்க. உங்களுக்குத்தான்."

"அப்படி நான் சும்மா இருந்திருந்தா, நீ என்ன செஞ்சிருப்ப?"

ஜீவராணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்படி ஒண்ணு நடக்கும்னு நான் நெனச்சே பாக்கலீங்க."